பதினான்கு குறைகளும் ஒரு நட்சத்திரமும்

முதலில் ஒரு விடுகதை. அதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கொண்டுவந்த கேக்கைப் பற்றிப் பேசலாம்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கமாக. பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. யார் அவர்கள்?

யோசியுங்கள் தம்பி, அவசரமில்லை. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். ஃபெலிக்ஸ் என்றுதானே சொன்னீர்கள்? தூத்துக்குடியா? நல்லது. கடற்கரை ஹோட்டலிலிருந்து சேலையூர்வரை கேக் பெட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் பெரிய மேனேஜர் அனுப்பியிருப்பார். 'அந்த கருணாகரன் சாரைப் பார்த்துப் பேசி, எழுதியதை எடுக்கச் சொல்லிவிட்டு வா' என்றிருப்பார். எனக்குத் தெரியும். நானும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறவன்தான்.

எடுக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏன் எடுக்க மாட்டேன் என்று நீங்கள் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

மஸ்கட்டில் என் வேலை குழாய்களின் பற்றவைப்பைச் சோதிப்பது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன இடத்தில் நான் போய் நிற்பேன். மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிடுவேன். அந்தக் கண்ணோடுதான் உங்கள் ஹோட்டலுக்கும் வந்தேன். பதினான்கு குறைகள். பதினான்கையும் எண் போட்டு இணையத்தில் எழுதினேன். ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். ஒன்றுகூடக் கொடுக்காமல் விட்டிருப்பேன். அந்த ஒன்றை ஏன் கொடுத்தேன் என்பது கடைசியில் வரும்.

முதல் குறை சூரியன்.

சிரிக்காதீர்கள். போனில் நான் தெளிவாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, நான்கு பேர், சூரியன் மறைவது தெரிகிற மேசை. 'கடலைப் பார்த்த மேசை தருகிறோம் சார்' என்றார்கள். போய் உட்கார்ந்தால் கடல் இருக்கிறது, சூரியனைக் காணோம். சூரியன் முதுகுப் பக்கத்தில், கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே மறைந்துகொண்டிருக்கிறது. என் தங்கை வீட்டுக்காரர் ஞானசேகர் சிரித்தார். "நம்ம ஊர்ல சூரியன் கடல்லேருந்து வரும் மச்சான், கடலுக்குள்ள போகாது" என்றார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போனை எடுத்தவர் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா?

சரி, எதற்காக அந்தச் சாப்பாடு என்று சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் புரியாது.

என் தங்கை வசுமதிக்கு ஒரே பெண். இளவேனில். வேனில் என்று கூப்பிடுவோம். ஏழு வயது. அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் முருகன் கோவிலில் காது குத்து வைத்திருந்தோம். உங்கள் வீடுகளில் எப்படியோ, எங்கள் வீட்டில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். மடி என்றால் சும்மா இல்லை தம்பி. அன்றைக்கு யார் மடியோ, பிறகு அந்தக் குழந்தைக்கு ஒரு நல்லது என்றால் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. உரிமையோடு என் மடியில் உட்கார இந்த உலகத்தில் ஒரு குழந்தை உண்டென்றால் அது வேனில் ஒருத்திதான்.

ஆனால் தாய்மாமன் இரண்டு பேர். நான் மூத்தவன். இளையவன் தணிகாசலம். தணிகை. வண்டி மெக்கானிக். வசுமதி வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். காலையில் வேனிலைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அவன்தான். பக்கத்திலேயே இருப்பதால் அவனால் முடிகிறது. மஸ்கட்டிலிருந்து நான் எப்படிக் கூட்டி வர முடியும்? இதை யாரும் யோசிப்பதில்லை.

காது குத்தை ஒற்றைப்படை வயதில்தான் செய்வோம். வேனிலுக்கு ஒரு வயதில் செய்வதாக இருந்தது. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, 'மூத்தவன் இல்லாமல் எப்படி, பொறுங்கள்' என்றேன். பொறுத்தார்கள். மூன்று வயதில் கொரோனா, விமானமே ஓடவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. ஐந்து வயதில் எங்கள் ஆலையைப் பராமரிப்புக்காக மூடினார்கள். மூடினால்தான் எனக்கு வேலை அதிகம். மறுபடியும் பொறுங்கள் என்றேன். அப்போது தணிகை போன் செய்தான்.

"அண்ணா, நீங்க வர முடியலன்னா பரவால்ல. நான் மடியில வெச்சுக்கறேன். புள்ளைய ஸ்கூல்ல பையன் பையன்னு கூப்பிடறாங்கண்ணா. கம்மல் இல்லையாம்."

மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவன் கேட்கிற கேள்வியா இது? நன்றாகத் திட்டினேன். போனை வைத்தேன். இரண்டு வருடமாக அவனோடு பேச்சில்லை.

இந்த வருடம் வந்துவிட்டேன். இரண்டு மாமனும் ஊரில் இருக்கிறோம். வழக்கப்படி மூத்தவன் மடி. அதில் என்ன சந்தேகம்? ஆனால் வசுமதி சொல்கிறாள், "குத்திக்கப் போறது அவ. யார் மடின்னு அவளே சொல்லட்டும்ணா." ஏழு வயதுக் குழந்தையிடம் விட்டுவிட்டாள்! சரி, குழந்தை சொல்லட்டும். குழந்தைக்கு என்னைத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் உங்கள் ஹோட்டல். சீனம், ஜப்பான், தாய்லாந்து, கொரியா எல்லாம் ஒரே இடத்தில். தணிகை அவளுக்கு வாங்கித் தருவது என்ன? தள்ளுவண்டி மொச்சை. நான் நான்கு நாட்டை ஒரே மேசையில் வைப்பேன்.

தணிகையைக் கூப்பிடவில்லை. நான்கு பேர் மேசை. நான், வசுமதி, ஞானசேகர், வேனில். கணக்குச் சரியாகப் போய்விட்டது.

உட்கார்ந்ததும் சூடாகச் சுருட்டிய துண்டு கொடுத்தார்கள். அப்போதுதான் வேனிலைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு காது மடலிலும் ஏதோ அழுக்கு, பச்சையாக ஒட்டியிருந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்குக் குழந்தையை இப்படியா கூட்டி வருவார்கள்? நானே அந்தத் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். பொட்டு. ஒட்டுகிற பொட்டை, கல் வைத்தது, கம்மல் மாதிரி காதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். துண்டோடு வந்துவிட்டது. 'போகட்டும், மாமா நிஜமானதே கொண்டு வந்திருக்கேன் பார்' என்று பெட்டியைத் திறந்து ஜிமிக்கியைக் காட்டினேன். அவள் ஜிமிக்கியைப் பார்க்கவில்லை. துண்டைப் பிரித்துப் பொட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் உங்கள் ஆள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது மூன்றாவது குறை. விருந்தாளி துடைத்து முடிக்கும் முன்பே துண்டை எடுப்பது.

இரண்டாவது வெளிச்சம். உணவுப் பட்டியலைப் படிக்கச் செல்போன் விளக்கைப் போட வேண்டியிருந்தது.

பரிமாற வந்தது ஒரு பெண். சட்டையில் அரென்லா என்று பெயர். நாகாலாந்தாம். கொஞ்சம் கொஞ்சம் தமிழ் பேசினாள். எல்லாருக்கும் நானே சொன்னேன். இறால் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை, கோழியைக் குச்சியில் குத்திச் சுட்டது, இஞ்சி போட்டு அவித்த முழு மீன். யாரையும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? கூட்டிவந்தவன் நான். அவர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

அப்போதுதான் வேனில் முதல் தடவை கேட்டாள். "பெரிய மாமா, ஒரு விடுகதை சொல்லவா?"

"இரு கண்ணு, ஆர்டர் கொடுத்துடறேன்."

வசுமதி மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, நாங்க விரதம்."

"என்ன விரதம்?"

"காது குத்துக்குத்தான். நாப்பத்தெட்டு நாள். ஞாயித்துக்கிழமையோட முடியுது. மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே?"

"குரூப்ல போட்டோமே அண்ணா."

குடும்ப குரூப்பில் காலை வணக்கம் போட்டுப் போட்டுக் கொல்கிறார்கள் என்று நான் சத்தத்தை அடைத்துவைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முக்கியமான விஷயத்தை குரூப்பிலா போடுவார்கள்?

"யார் வெச்ச விரதம் இது?"

வேனில்தான் சொன்னாள். "தணிகை மாமா. எனக்கு டெங்கு வந்துச்சில்ல, அப்ப மாமா மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சாங்க. மாமா செருப்புகூடப் போடறதில்ல இப்ப."

டெங்கு வந்ததும் குரூப்பில்தான் போட்டார்களாம். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். ஞானசேகர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வது? 'சரி, சைவம் கொண்டு வா' என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இங்கேதான் தம்பி உங்கள் ஹோட்டல் என்னைக் கவிழ்த்தது.

காய்கறி போட்ட தாய்லாந்துக் குழம்பு என்றேன். "சார், அதில மீன் சாறு இருக்கு" என்றாள். ஜப்பான் சூப் என்றேன். பட்டியலில் சைவம் என்று பச்சை வட்டம் போட்டிருந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய்க் கேட்டு வந்து, "சார், தண்ணியே மீன் வேகவெச்ச தண்ணி" என்றாள். கொரியா முட்டைக்கோஸ் ஊறுகாய் என்றேன். மறுபடி உள்ளே போனாள். "அதில குட்டி இறால் அரைச்சுப் போடுவாங்க சார்." சீன வறுத்த சாதம்? "சிப்பிச் சாறு இல்லாம பண்ணலாம் சார். ஆனா வாணலி ஒண்ணுதான்."

வசுமதியின் முகத்தைப் பார்க்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன அவசியம், சொல்லுங்கள். பச்சை வட்டம் போட்டிருக்கிறது, பேசாமல் கொண்டு வந்து வைத்திருக்கலாம். யாருக்குத் தெரிந்திருக்கப் போகிறது? நாங்கள் சாப்பிட்டிருப்போம். குழந்தை சிரித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நன்றாக நடந்திருக்கும். வேலை தெரிந்தவள் என்று பெயர் வாங்க இரண்டு தடவை அடுக்களைக்குப் போய் வந்து என் விருந்தை ஒவ்வொரு தட்டாக எடுத்துவிட்டாள். என் வேலையில் வெடிப்பைக் காட்டுவது வேறு. இது சாப்பாடு.

நான் அவளிடம் சத்தம் போட்டேன். போட்டேன்தான். மறைக்க மாட்டேன். ஆனால் அவளைப் பற்றி நான் குறையாக எழுதவில்லை. ஆறு, ஏழு, பதிமூன்று மூன்றும் தவிர.

பிறகு சமையல்காரரே வெளியே வந்தார். "புது வாணலி, புது எண்ணெய் வெச்சு ஏதாச்சும் பண்ணித் தர்றேன் சார். நாப்பது நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நிமிடம்! எட்டாவது குறை. அதுவரை கொறிக்க ஒரு கிண்ணம் வந்தது. உப்புப் போட்டு அவித்த பச்சைக் காய். உள்ளே பருப்பு. ஜப்பானில் பெரிய விருந்துகளில் இதைத்தான் முதலில் வைப்பார்கள் என்று வேனிலுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் ஒன்றை வாயில் வைத்து உருவினாள். முகம் மலர்ந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

"அம்மா, மொச்சை! தணிகை மாமா வாங்கித் தர்றது!"

கிண்ணம் முழுவதையும் அவளே தின்றாள். இவ்வளவு தூரம் வந்து, கண்ணாடிச் சுவர், பட்டு மெத்தை, கடல், நான்கு நாடு எல்லாம் இருந்தும் அவளுக்குக் கிடைத்தது மொச்சை. அதையும் அவன் பெயரைச் சொல்லித் தின்றாள்.

"பெரிய மாமா, விடுகதை."

"அப்புறம் கண்ணு. முதல்ல இந்தக் குச்சியைப் பிடிக்கக் கத்துக்கோ."

சாப்பிடுகிற அந்தக் குச்சியை நான் மூன்று நாள் படம் பார்த்துப் பழகியிருந்தேன், அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே. அரென்லா குழந்தைகளுக்கென்று ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய குச்சி கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். எதையும் முறையாகக் கற்க வேண்டும். வேனில் நான்கு தடவை முயன்றாள், நான்கு தடவையும் விழுந்தது. நான் விரலைத் திருப்பித் திருப்பி வைத்தேன். "வலிக்குது மாமா" என்றாள். ஞானசேகர், "விடுங்க மச்சான், கையால சாப்பிடட்டும்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். எதையும் விட்டுவிடுவார்.

சாதம் வந்தது. காளான், பட்டாணி, ஏதோ வெள்ளைக் கட்டி. புது வாணலி, புது எண்ணெய். நன்றாக இருந்தது என்று வசுமதி சொன்னாள். நான் ருசி பார்க்கிற நிலையில் இல்லை. அப்போது வேனில் மூன்றாவது தடவையாக, கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு. ஒரே வீட்டுலதான் இருக்காங்க, ஆளுக்கொரு பக்கம். பொறந்ததுலேருந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல. யாரு?"

இந்தத் தடவை காதில் விழுந்தது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு பக்கம். பார்த்துக்கொள்வதில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு இது தானாக வருமா?

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"தணிகை மாமா."

"சிரிச்சுக்கிட்டே சொல்லிக் கொடுத்தானா?"

"ஆமா. நேத்து வண்டியில போறப்ப."

இதற்கு மேல் ஒருவன் பொறுக்க முடியுமா? பேச்சில்லை என்றால் பேச்சில்லாமல் இருக்க வேண்டும். குழந்தையின் வாயில் வைத்து எனக்கு அனுப்புவதா? மேசையை ஓங்கித் தட்டினேன். "அவன்கிட்ட போய்ச் சொல்லு, எனக்குப் பதில் தெரியும்னு!" என்றேன். கறுப்புச் சாறு வைத்திருந்த குட்டிக் கிண்ணம் துள்ளி வேனில் மேல் கவிழ்ந்தது. வெள்ளைக் கவுன். கிண்ணத்துக்கு அடிப்பாகம் சரியில்லை, தட்டையாக இருந்திருந்தால் கவிழ்ந்திருக்காது. பன்னிரண்டாவது குறை.

குழந்தை அழவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு கவுனைப் பார்த்தாள். அரென்லா ஓடி வந்து, சோடாவும் துணியும் எடுத்துக்கொண்டு அவளைக் கைபிடித்துக் கழுவக் கூட்டிப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது வேனிலின் இரண்டு காதிலும் வட்டமாக இரண்டு வெள்ளை ஒட்டு. உங்கள் பெட்டிகளில் தேதி எழுதி ஒட்டுவார்களே, அந்தத் தாளைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருக்கிறாள். விருந்தாளியின் குழந்தை மேல் அனுமதி கேட்காமல் எதையும் ஒட்டக் கூடாது. பதிமூன்றாவது. வேனில் என் பக்கத்து நாற்காலிக்கு வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு விடுகதை கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை.

காரிலிருந்து இறங்கும்போது வசுமதி, "அண்ணா, அவ அந்த விடுகதையை ரெண்டு நாளா பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கா. உங்களைக் குத்திக்காட்ட இல்ல" என்றாள். தணிகையை விட்டுக்கொடுக்க மாட்டாள். அன்று ராத்திரியே உட்கார்ந்து உங்கள் பதினான்கையும் எழுதி வைத்துக்கொண்டேன். நட்சத்திரத்தை மட்டும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுப் போடலாம் என்று இருந்தேன். அதுதான் நியாயம்.

தண்ணீர் குடியுங்கள். விடுகதைக்குப் பதில் கிடைத்ததா? இல்லையா? பார்த்தீர்களா, உங்களுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர். வெயில் ஏறும் முன்பே போய்விட்டோம். மண்டபத்தில் ஒரு தூணோரம் நான் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தேன். பட்டு வேட்டி. எதிர்த் தூணோரம் தணிகை. வெறுங்கால், பாதமெல்லாம் வெடித்துப் போயிருந்தது. நாற்பத்தெட்டு நாள் இப்படிக் காலைக் காட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் யாருக்குத்தான் இரக்கம் வராது? என்னைப் பார்த்து எழுந்து நின்றான். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

காது குத்துகிற ஆசாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். வயதானவர், தடித்த கண்ணாடி. என் ஜிமிக்கியைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்க்கிற மாதிரி ஆட்டிவிட்டு, "பச்சைக் காதுக்கு இது ஆகாதுங்க, அறுத்துடும். இன்னும் மூணு வருஷம் போகட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். தணிகை கொண்டுவந்திருந்தது வேப்பம்பழக் கொட்டை அளவுகூட இல்லாத ஒரு ஜோடித் தோடு. அது ஆகுமாம்.

வசுமதி வேனிலை நடுவில் நிறுத்தினாள். "சொல்லும்மா. யார் மடியில உக்காரப் போற?"

சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். வேனில் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அப்போது தணிகை சொல்கிறான், "பாப்பா, பெரிய மாமா மடியில உக்காரு. மாமா உனக்காகத்தானே அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க." எல்லார் முன்னாலும் நல்லவன் வேடம்! நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டான். இப்போது அவள் என் மடியில் உட்கார்ந்தாலும் அது அவன் கொடுத்ததாக அல்லவா ஆகிவிடும்?

வேனில் ஆசாரியிடம் போனாள். "தாத்தா, ஒரு விடுகதை."

"சொல்லு கண்ணு."

சொன்னாள். கூடப் பிறந்தவர்கள், ஒரே வீடு, ஆளுக்கொரு பக்கம், பார்த்ததே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் முன்னால் மறுபடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆசாரி பேனாவை எடுத்து அவள் மடலில் புள்ளி வைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

"காதுதானே? நாப்பது வருஷமா அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

வேனில் குதித்தாள். "கரெக்ட்! யாருமே சொல்லல தாத்தா! பெரிய மாமா பதில் தெரியும்னாங்க, ஆனா சொல்லல."

காது. அவ்வளவுதான் விடுகதை. தலை வீடு, காது இரண்டும் குடியிருப்பவர்கள். எனக்கு உடனே தோன்றியிருக்கும் தம்பி. உங்கள் உணவகத்தில் அந்த வெளிச்சம், அந்தப் பாட்டுச் சத்தம், அந்தக் காத்திருப்பு. எந்த மனிதனுக்கு அங்கே யோசனை ஓடும்? அமைதியாக ஓர் இடத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவளும் அப்போதே முடிவு செய்திருப்பாள். முழுதாக எனக்கு வந்திருக்கும். அதைத்தான் பதினான்காவதாக எழுதினேன். 'குழந்தை பேசுவது காதில் விழாத அளவுக்குச் சத்தம்.' அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். எடுக்கவே மாட்டேன்.

கேக்கை வைத்துவிட்டுப் போங்கள். முட்டை போட்டதா? விரதம் முடிந்துவிட்டது, பரவாயில்லை. சாயங்காலம் வேனிலுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த அரென்லா என்கிற பெண் இருந்தால், குழந்தை அந்த வெள்ளை ஒட்டை ஞாயிற்றுக்கிழமை காலைவரை எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசியில் என்ன ஆயிற்று, அந்த ஒரு நட்சத்திரம் எதற்கு என்றா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வசுமதி மறுபடி கேட்டாள். "யார் மடிம்மா?"

வேனில், "ரெண்டு காது இருக்கேம்மா" என்றாள்.

பெண் குழந்தைக்கு முதலில் இடது காதுதான் குத்துவார்கள். முதல் காதுதான் மூத்தவனுக்குச் சேர வேண்டியது. அவள் இடது காதுக்குத் தணிகை மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தினார். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். 'ரெண்டாவது காதுக்குத்தான் பிள்ளைங்க எந்திரிச்சு ஓடும், பிடிச்சுக்கங்க' என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த கம்பியை எடுத்தார்.

வேனில் எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நடந்து வந்தாள். வலது காதுக்கு என் மடியில் உட்கார்ந்தாள்.